கண்ணாடி இழைக்குள் வெப்ப இரைச்சல் உண்டா? வகுப்பில் ஒரு மாணவி கேட்ட கேள்வி

கரும்பலகை | செவ்வாய், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். பாலிடெக்னிக்கில் தகவல் தொடர்புப் பாடம் எடுக்கிறேன். இன்று ஒளியிழை அலகைத் தொடங்கினேன். ஆண்டுதோறும் எழுதுவதையே பலகையில் எழுதினேன்: செப்புக் கம்பியில் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன, அந்த அலைச்சல்தான் வெப்ப இரைச்சல்; கண்ணாடியில் கட்டற்ற எலெக்ட்ரான்கள் இல்லை, ஆகவே ஒளியிழையில் வெப்ப இரைச்சல் இல்லை.

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “மேடம், கண்ணாடியும் முப்பது டிகிரியில்தானே இருக்கிறது? சூடுள்ள பொருள் எல்லாமே கதிர்வீசும் என்று போன பருவத்தில் இயற்பியலில் படித்தோம். அந்தக் கதிர்வீச்சு இழைக்குள் நுழையாதா?” என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்காரவைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாடநூலைப் புரட்டினால் குழப்பம் கூடியதுதான் மிச்சம். ஓர் அத்தியாயம் “இழை வெப்ப இரைச்சலுக்கு அப்பாற்பட்டது” என்கிறது. நான்கு அத்தியாயம் தள்ளி, “ஒளி ஏற்பியின் உணர்திறனைத் தீர்மானிப்பது பெரும்பாலும் வெப்ப இரைச்சலே” என்கிறது. இரண்டும் எப்படிச் சேர்ந்து நிற்கும்? இந்தத் துறையில் கைபட வேலை செய்பவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பைக்கோஆம்பியர் | செவ்வாய், இரவு 10.25

அந்த மாணவியை முதலில் பாராட்டிவிடுங்கள் டீச்சர். இழையின் கடைசியில் ஒளியை மின் சிக்னலாக மாற்றும் ஒளி ஏற்பிச் சுற்றுகளை வடிவமைப்பதுதான் என் வேலை. வேலைக்குச் சேர்ந்து மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியது.

கட்டற்ற எலெக்ட்ரான் இல்லை என்பது சரியான காரணம் ஆகாது. ஒரு பொருள் ஒளியைக் கொஞ்சமேனும் உறிஞ்சுகிறது என்றால், தன் வெப்பநிலைக்குத் தக்கபடி அதே ஒளியை உமிழ்ந்தும் ஆக வேண்டும். அந்த வகையில் மாணவி சொன்னது முழுக்கச் சரி. எவ்வளவு உமிழும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

300 கெல்வினில் வெப்பம் ஓர் அதிர்வுக்குக் கொடுக்கக்கூடிய ஆற்றல், அதாவது போல்ட்ஸ்மன் மாறிலியை வெப்பநிலையால் பெருக்கினால் வருவது, சுமார் 4.14 × 10⁻²¹ ஜூல். நீண்ட தூர இழைகளில் நாம் பயன்படுத்தும் 1550 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண் சுமார் 193 டெரா ஹெர்ட்ஸ். அதன் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் 1.28 × 10⁻¹⁹ ஜூல். முன்னதைப் போல் 31 மடங்கு. பையில் ஒரு ரூபாய் வைத்திருப்பவர் 31 ரூபாய்ப் பொருளை வாங்க முயல்வது போன்ற நிலை. வெப்பத்தின் ஏற்றத்தாழ்வில் எப்போதாவது அந்த ஆற்றல் ஓரிடத்தில் சேரலாம். அப்படிச் சேரும் வாய்ப்பு, இயற்கை மடக்கை அடிமானத்தின் −31ஆம் அடுக்கு. ஏறத்தாழ 3.4 × 10⁻¹⁴.

இதை நேரமாக மாற்றிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. 10 கிகா ஹெர்ட்ஸ் பட்டை அகலத்தில், இரண்டு முனைவாக்கங்களையும் (ஒளி அதிரும் இரு திசைகளையும்) சேர்த்து, அறை வெப்பநிலையில் இருக்கும் இழை அதிகபட்சமாகத் தரக்கூடிய வெப்ப ஃபோட்டான்கள் 25 நிமிடத்துக்கு ஒன்று. அதே இழையில் −20 டிபிஎம், அதாவது ஒரு மில்லி வாட்டில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள எளிய சிக்னல் வந்தால்கூட, விநாடிக்கு 78 லட்சம் கோடி ஃபோட்டான்கள் ஓடுகின்றன.

வானொலி அலையில் நிலைமை தலைகீழ். 1 கிகா ஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் அத்தனை சிறியது. வெப்பம் ஒவ்வோர் அதிர்வு முறையிலும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட ஃபோட்டான்களைத் தாராளமாக நிரப்பிவிடுகிறது. வானொலிக்காரர்களை வாட்டும் வெப்ப இரைச்சல் இழைக்குள் காணாமல் போவதற்கு இதுதான் காரணம். அறை வெப்பநிலையில் இரண்டும் சமமாகும் இடம் 6 டெரா ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. நம் ஒளி அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது.

பாடநூலின் இரண்டாவது வாக்கியத்துக்கு நாளை வருகிறேன். அதுதான் என் பிழைப்பு, அவசரமாக எழுத மனமில்லை.

இழைத்தையல் | புதன், காலை 6.15

பத்தொன்பது ஆண்டுகளாக இழை ஒட்டும் வேலை பார்க்கிறேன். ஏட்டுக் கணக்கு எனக்கு வராது. ஆனால் இழையில் வெப்பம் எதுவும் செய்யாது என்று சொன்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

இப்போது கையில் இருக்கும் ஒரு புகாரையே சொல்கிறேன். ஒரு தெருவில் பதினோரு வீடுகள். காலை ஏழு மணிக்கு வீட்டுப் பெட்டியில் அளந்தால் −23 டிபிஎம், எல்லாம் நன்றாக ஓடுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு −28. சிவப்பு விளக்கு எரிகிறது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் யாரும் தொடாமலே −23க்குத் திரும்பிவிடுகிறது. நான்கு நாளாக இதே கதை. வெயில் ஏறும்போது இரைச்சல் ஏறுகிறது என்றுதானே இதற்குப் பொருள்?

பைக்கோஆம்பியர் | புதன், காலை 8.50

அண்ணா, உங்கள் அளவை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நீங்கள் பார்த்தது இரைச்சல் இல்லை. மின்னளவி போன்ற அந்தக் கருவி காட்டுவது வந்து சேரும் ஒளியின் சராசரித் திறன். இரைச்சல் ஏறினால் அந்த எண் குறையாது. −23 என்பது −28 ஆனால், மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் வந்து சேர்கிறது என்று பொருள். வழியில் எங்கோ ஒளி வெளியே கசிகிறது.

வெயிலில் கசிந்து, குளிர்ந்ததும் நிற்கிறது என்றால், ஏதோ ஓர் இடத்தில் இழை வளைகிறது என்பது என் ஊகம். உங்களுக்குத் தெரியாததா, 1310, 1550 நானோமீட்டர் இரண்டிலும் தனித்தனியாக ஓடிடிஆர் (இழையில் எந்தத் தொலைவில் ஒளி இழக்கிறது என்று காட்டும் அளவு) எடுத்துப் பாருங்கள். நீண்ட அலைநீளத்தில் இழப்பு அதிகமாகத் தெரிந்தால் வளைவுதான். பிற்பகல் இரண்டு மணிக்கே எடுக்க வேண்டும். காலையில் எடுத்தால் இழை நல்ல பிள்ளையாகப் படுத்திருக்கும்.

இழைத்தையல் | புதன், காலை 9.05

கொளுத்துகிற வெயிலில் கம்பத்தில் ஏறச் சொல்கிறீர்கள். சரி தம்பி, பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பைக்கோஆம்பியர் | புதன், இரவு 9.30

டீச்சரின் இரண்டாவது வாக்கியம்.

ஒளி, ஒளியாக இருக்கும் வரை வெப்பம் அதை நெருங்க முடியவில்லை. ஃபோட்டோடயோடில் விழுந்து மின்னோட்டமாக மாறிய கணமே அந்தக் கவசம் கழன்றுவிடுகிறது. இப்போது அது 10 கிகா ஹெர்ட்ஸ் வரை பரவிய மின் சிக்னல். 10 கிகா ஹெர்ட்ஸில் வெப்பம்தான் அரசன்.

மின்தடையில் வெப்ப இரைச்சலை பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்தார், அதே இடத்தில் நைக்விஸ்ட் அதற்குக் கணக்குச் சொன்னார். இருவர் கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. இருவருமே சுவீடனில் பிறந்தவர்கள். இரைச்சல் மின்னோட்டத்தின் வர்க்கச் சராசரி என்பது போல்ட்ஸ்மன் மாறிலி, வெப்பநிலை, பட்டை அகலம் மூன்றையும் பெருக்கி, நான்கால் பெருக்கி, மின்தடையால் வகுத்தது. 50 ஓம், 300 கெல்வின், 10 கிகா ஹெர்ட்ஸ் என்று போட்டால் 1.8 மைக்ரோ ஆம்பியர் வருகிறது. −20 டிபிஎம் ஒளி தரும் மின்னோட்டம், நல்ல டயோடில், சுமார் 10 மைக்ரோ ஆம்பியர். ஒளி துகள்துகளாக வருவதால் எழும் ஷாட் இரைச்சலோ வெறும் 0.18 மைக்ரோ ஆம்பியர். ஒளி கொண்டுவந்த இரைச்சலைப் போல் பத்து மடங்கு இரைச்சலை, மூக்குப்பொடி அளவுள்ள ஒரு மின்தடை தன் பங்குக்குச் சேர்த்துவிடுகிறது. திறனில் பார்த்தால் நூறு மடங்கு.

இதன் விலை என்ன தெரியுமா? விளக்கை ஏற்றி அணைக்கும் எளிய முறையில், நூறு கோடி பிட்டுக்கு ஒரு பிழை என்ற தரத்துக்கு, ஒளியின் இயல்பு மட்டும் தடையாக இருந்தால் பிட் ஒன்றுக்குச் சராசரியாகப் பத்து ஃபோட்டான் போதும். 10 கிகாபிட் வேகத்தில் −20 டிபிஎம் என்பது பிட்டுக்கு 7,800 ஃபோட்டான். அந்த 7,800 கொடுத்தும் 50 ஓம் ஏற்பி அந்தத் தரத்தை மயிரிழையில் தவறவிடுகிறது. பத்துக்கும் ஏழாயிரத்து எண்ணூறுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம் முழுவதும் அந்த மின்தடை தோண்டியது.

எங்கள் தொழிலில் மனப்பாடமாக வைத்திருக்கும் ஓர் எண் உண்டு: 52 மில்லி வோல்ட். அறை வெப்பநிலையில், சுமை மின்தடையின் குறுக்கே டயோடு மின்னோட்டம் உண்டாக்கும் மின்னழுத்தம் இந்த அளவைத் தொட்டால் ஷாட் இரைச்சலும் வெப்ப இரைச்சலும் சமம். அதற்குக் கீழே வெப்பத்தின் ஆட்சி. 50 ஓமில் 52 மில்லி வோல்ட் வர 1 மில்லி ஆம்பியர் வேண்டும்; ஏறத்தாழ 1 மில்லி வாட் ஒளி. இழையின் கடைசியில் அவ்வளவு ஒளி யாருக்குக் கிடைக்கும்?

புதுமாணவன் | புதன், இரவு 9.58

ஐயா, மின்தடையைக் குளிர்வித்தால் போதாதா?

பைக்கோஆம்பியர் | புதன், இரவு 10.20

300 கெல்வினிலிருந்து 270க்கு இறக்கினால் இரைச்சல் திறன் பத்து விழுக்காடு குறையும். அரை டெசிபல்கூட வராது. அந்தச் செலவில் வேறு நல்ல காரியம் செய்யலாம். மின்தடையைப் பெரிதாக்குவது ஒரு வழி: சூத்திரத்தில் மின்தடை கீழே இருப்பதால், 50 ஓமை 1,000 ஓம் ஆக்கினால் இரைச்சல் மின்னோட்டம் நாலரை மடங்கு குறைகிறது. ஆனால் பெரிய மின்தடை டயோடின் மின்தேக்கத்தோடு சேர்ந்து வேகத்தைக் கொன்றுவிடும். அந்தப் பெரிய மின்தடையைப் பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் வைத்து வேகத்தையும் காப்பாற்றுவதுதான் இன்று ஏறத்தாழ எல்லா ஏற்பிகளிலும் இருக்கும் சுற்று. சரிவு டயோடு இன்னொரு வழி; மின்தடைக்குப் போகும் முன்பே டயோடுக்குள் மின்னோட்டத்தைப் பத்து மடங்காக்கிவிடும், கூடவே தன் இரைச்சலையும் கொஞ்சம் கலக்கும். எல்லாவற்றிலும் அழகான வழி, ஒளியாக இருக்கும்போதே பெருக்கிவிடுவது.

நங்கூரம் | வியாழன், அதிகாலை 5.30

கடலடிக் கேபிள் கண்காணிப்பில் இரவுப் பணி முடித்துவிட்டு எழுதுகிறேன். ஒளியாகவே பெருக்குவது என்றதும் நெடுநாள் ஐயம் ஒன்று கிளம்பிவிட்டது.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்த கேபிள் சுமார் 2,300 கிலோமீட்டர். இத்தகைய கேபிள்களில் வழிநெடுக எர்பியம் பெருக்கிகள், அதாவது எர்பியம் அயனி கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்கும் கருவிகள், உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் சிக்னலோடு இரைச்சலையும் சேர்க்கிறது என்பது எங்கள் திரையில் நாள்தோறும் தெரிகிறது. ஆழ்கடல் தரையில் தண்ணீர் 2, 3 டிகிரிதான். அந்தக் குளிர் பெருக்கியின் இரைச்சலைக் குறைக்கிறதா? எங்கள் குழுவில் பாதிப்பேர் ஆம் என்கிறார்கள்.

சிதறல் | வியாழன், காலை 11.10

குறைப்பதில்லை. எர்பியம் பெருக்கியின் இரைச்சல் வெப்பத்தால் பிறந்ததன்று. மேல்நிலைக்கு ஏற்றிவைத்த அயனிகளில் சில, சிக்னல் வந்து தூண்டும் வரை காத்திருக்காமல் தாமாகவே ஒளியை விடுகின்றன. அந்த ஒளியும் கூடவே பெருகிப் பின்னணியாகிவிடுகிறது. வெப்பநிலையைத் தனிச்சுழிக்கு இறக்கினாலும் அயனி தானாக ஒளிவிடுவதை நிறுத்த முடியாது. மிகச் சிறந்த பெருக்கியும், பெருக்கம் அதிகமாக இருக்கும்போது, சிக்னலுக்கும் இரைச்சலுக்குமான விகிதத்தை 3 டெசிபல் கெடுத்துத்தான் தீரும் என்பது குவாண்டம் விதி.

உங்கள் குழுவுக்கு ஓர் எண் சொல்லுங்கள். 1550 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் சுமார் 9,300 கெல்வின். சூரியனின் மேற்பரப்பே 5,800 கெல்வின்தான். 12.5 கிகா ஹெர்ட்ஸ் அகலத்தில், அதாவது நீங்கள் திரையில் பார்க்கும் 0.1 நானோமீட்டரில், ஒரு ஃபோட்டான் அளவு இரைச்சல் −58 டிபிஎம். வானொலி அலையில் அறை வெப்பநிலையின் வெப்ப இரைச்சலே அதே அகலத்தில் −73 டிபிஎம்தான். அந்த 58 உங்களுக்குப் பழக்கமான எண்ணாகத்தான் இருக்கும், பெருக்கிச் சங்கிலியின் இரைச்சலைக் கணக்கிடும் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். எர்பியம் பெருக்கியை 1987இல் சவுத்தாம்ப்டனில் டேவிட் பெய்ன் குழுவும் பெல் ஆய்வகத்தில் தெசுர்வீர் முதலானோரும் கொண்டுவந்தபோது நடந்தது இதுதான்: ஏற்பிக்கு முன்னால் ஒளியை ஆயிரம் மடங்காக்கிவிட்டதால், மின்தடையின் வெப்ப இரைச்சல் கணக்கிலேயே இல்லாமல் அமிழ்ந்துபோயிற்று. அதன் இடத்தில் குவாண்டம் இரைச்சல் வந்து உட்கார்ந்தது.

கடலின் குளிர், அயனிகளை மேல்நிலைக்கு ஏற்றும் பம்ப் லேசரின் ஆயுளுக்கு நல்லது. அந்த அளவில் உங்கள் குழுவினருக்கு ஆறுதல் சொல்லலாம்.

பைக்கோஆம்பியரோடு எனக்கு ஒரு வேறுபாடு உண்டு. “ஒளியாக இருக்கும் வரை வெப்பம் நெருங்க முடியவில்லை” என்றீர்கள். நேரடியாக நெருங்க முடியாது, உண்மை. ஆனால் கண்ணாடி ஒலியாலும் அதிர்கிறது. அந்த அதிர்வுகளின் வழியாக வெப்பம் ஒளியைத் தொடுகிறது. மாணவிக்கு “இழை அமைதியானது” என்று மட்டும் சொல்லி அனுப்பினால் பாதி உண்மைதான் போய்ச்சேரும்.

பைக்கோஆம்பியர் | வியாழன், பகல் 1.00

ஏற்கிறேன். ஆனால் 10 கிகாபிட் இணைப்பு ஒன்றின் பிழைக் கணக்கில் அந்த அதிர்வுகள் எந்த இலக்கத்தில் வருகின்றன? என் அனுபவத்தில் எங்கும் வருவதில்லை. பாலிடெக்னிக் வகுப்பில் முதல் நாளே இதைக் கொண்டுவந்தால் பிள்ளைகள் முதன்மையானதை விட்டுவிட்டு ஓரத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதே என் கவலை.

சிதறல் | வியாழன், மாலை 6.45

ஓரம் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று இடங்களைக் காட்டுகிறேன்.

இழையின் இழப்பே வெப்பத்தின் கைரேகை. இழை இழுக்கும் உலையில் கண்ணாடி 2,000 டிகிரிக்கு அருகில் இளகி நிற்கும்போது, வெப்பத்தால் அதன் அடர்த்தி புள்ளிக்குப் புள்ளி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குளிரும்போது அந்த ஏற்ற இறக்கம் அப்படியே உறைந்துவிடுகிறது. கொதிக்கும் பாலின் மேற்பரப்பு ஒரே நொடியில் கல்லானால் எப்படி இருக்கும், அப்படி. ஒளி அந்த மேடுபள்ளங்களில் பட்டுச் சிதறுவதுதான் ராலே சிதறல். 1550 நானோமீட்டரில் வழக்கமான இழையின் இழப்பான கிலோமீட்டருக்கு 0.2 டெசிபலில் பெரும்பங்கு இதுதான். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், பழைய 850 நானோமீட்டரில் இந்தச் சிதறல் பதினோரு மடங்கு. 1970இல் கார்னிங்கில் மௌரர், கெக், ஷூல்ட்ஸ் மூவரும் கிலோமீட்டருக்கு 17 டெசிபலைத் தொட்டபோது உலகம் வியந்தது. 2017இல் சுமிட்டோமோ 0.1419க்கு வந்தது. கண்ணாடியின் இழப்பை அந்த அளவுக்குக் கொண்டுவரும் உழைப்பில் ஒரு பெரும்பகுதி, மெதுவாகக் குளிரவைத்து, எவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையின் ஏற்ற இறக்கத்தை உறையவைக்கலாம் என்ற பாடுதான். கண்ணாடியோடு போராடி அலுத்து, நடுவில் கண்ணாடி இல்லாத வெற்றுக் குழல் வைத்த இழையை சவுத்தாம்ப்டன் குழு 2025இல் 0.091க்குக் கொண்டுவந்திருக்கிறது.

அடுத்தது ராமன். ஜான்சன், நைக்விஸ்ட் கட்டுரைகள் வந்த அதே 1928இல், பிப்ரவரி 28 அன்று கல்கத்தாவில், திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் சிதறிய ஒளியில் புதிய நிறத்தைக் கண்டார்கள். வெப்பம் மின்னோட்டத்தில் பேசுவதை அங்கே கேட்டார்கள். மூலக்கூறு அதிர்வு ஒளியில் பேசுவதை இங்கே கண்டார்கள். ஒரே ஆண்டில். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

சிலிக்கா கண்ணாடியில் ராமன் பெயர்ச்சியின், அதாவது சிதறிய ஒளியின் அதிர்வெண் மாறும் அளவின், உச்சம் சுமார் 13.2 டெரா ஹெர்ட்ஸ். இங்கே கணக்கைப் போடுங்கள்: அந்த அதிர்வின் ஒரு துகள் ஆற்றல், 300 கெல்வினின் வெப்ப ஆற்றலைப் போல் இரண்டு மடங்குதான், 31 மடங்கு இல்லை. ஆகவே அறை வெப்பநிலையில் அந்த அதிர்வுகளில் 0.14 துகள் சராசரியாக எப்போதும் இருக்கிறது. இழையையே பெருக்கியாக்கும் ராமன் பெருக்கிகளில் இரைச்சல் அந்த 14 விழுக்காடு கூடுகிறது. சிக்னல் பம்ப்பின் நிறத்துக்கு இன்னும் அருகில், 3 டெரா ஹெர்ட்ஸ் தள்ளி இருந்தால், இரைச்சல் இரண்டரை மடங்குக்கும் மேலாகிவிடும். இது சுத்தமான வெப்ப இரைச்சல், இழைக்குள்ளேயே பிறந்தது. இதே விளைவைத் திருப்பிப் பிடித்து வெப்பமானியாக்கிவிட்டார்கள். இழைக்குள் துடிப்பை அனுப்பி, திரும்பிவரும் ஒளியில் ஆற்றல் கூடிய பக்கத்தையும் குறைந்த பக்கத்தையும் ஒப்பிட்டால், விகிதம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.7 விழுக்காடு மாறுகிறது. சுரங்கப்பாதையிலும் நிலத்தடி மின்கேபிளிலும் எந்த மீட்டரில் சூடு ஏறுகிறது என்று இழை சொல்கிறது.

மூன்றாவது பிரில்லுவன் சிதறல், அதாவது கண்ணாடியின் ஒலி அலைகளில் பட்டு ஒளி சிதறுவது. அதன் ஒலி அலைகள் 11 கிகா ஹெர்ட்ஸ் அளவில்தான் இருக்கின்றன. அங்கே வெப்பத் துகள்கள் ஐந்நூறுக்கும் மேல். இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணில், இழையின் குறுக்காக எதிரொலிக்கும் ஒலிகளை 1985இல் ஐபிஎம்மில் ஷெல்பி, லெவன்சன், பேயர் கண்டறிந்தார்கள். குவாண்டம் இரைச்சலுக்கும் கீழே போக முயன்ற அவர்களுடைய அடுத்த ஆண்டுச் சோதனையில் இழையைத் திரவ ஹீலியத்தில் குளிர்விக்க வேண்டியிருந்தது. கண்ணாடியின் வெப்ப முணுமுணுப்பு அவ்வளவு இடைஞ்சல்.

பைக்கோஆம்பியர் | வியாழன், இரவு 8.15

ராமன் பெருக்கியின் அந்த 14 விழுக்காட்டை நான் மறந்தே போயிருந்தேன். ஏற்பியை மட்டும் பார்த்துப் பார்த்துப் பழகியதன் விளைவு. என் முதல் பதிவில் “இழைக்குள் காணாமல் போவதற்கு” என்று இருப்பதை “1550இல் நேரடி வெப்ப உமிழ்வு காணாமல் போவதற்கு” என்று திருத்தி வாசியுங்கள் டீச்சர்.

இழைத்தையல் | வெள்ளி, இரவு 7.20

தம்பி, பெட்டியைத் திறந்துவிட்டேன்.

நேற்றுப் பிற்பகல் இரண்டே காலுக்கு ஓடிடிஆர் போட்டேன். 1.8 கிலோமீட்டரில், அந்தக் கம்பத்துப் பெட்டியில், 1310இல் 0.6 டெசிபல், 1550இல் 6 டெசிபலுக்கு மேல். வளைவுதான், சந்தேகமே இல்லை. ஏறித் திறந்தேன். பெட்டியின் மூடி தொட முடியாத சூடு. கேபிளிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாயைத் தட்டின் வாயில் கட்டாமல் விட்டிருந்தார்கள். வெயிலில் குழாய் நீண்டு தட்டுக்குள் முன்னேறி, உள்ளே சுற்றிவைத்த இழையைத் தள்ளி, ஓரத்தில் ஒரே ஓர் இழை என் கட்டைவிரல் நகம் அகலத்துக்கு மடங்கி நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிழலுக்காகத் துண்டைப் பெட்டிமேல் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த வளையம் மெல்ல விரிந்தது. பத்தொன்பது ஆண்டில் இப்படிக் கண்ணெதிரே விரிந்து பார்த்ததில்லை.

குழாயைப் பின்னுக்கு இழுத்துக் கட்டி, இழையைப் பெரிய வட்டமாகச் சுற்றி மூடினேன். இன்று முழுநாளும் −22.8. நான் சொன்னது தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடி நீளாமல் குழாய் மட்டும் எப்படி நீண்டது?

பைக்கோஆம்பியர் | வெள்ளி, இரவு 8.40

இரண்டும் நீளும் அண்ணா, அளவு வேறு. 2 மீட்டர் பிளாஸ்டிக் குழாய் 25 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும். அதே நீளச் சிலிக்கா கண்ணாடி 0.03 மில்லிமீட்டர்கூட நீளாது. அந்த 5 மில்லிமீட்டர்தான் உங்கள் இழையை மடக்கியது.

ஏற்பியின் பக்கத்திலிருந்தும் இதைப் பாருங்கள். வீட்டுப் பெட்டியின் உணர்திறன் எல்லை −27 டிபிஎம், அதாவது 2 மைக்ரோ வாட். அந்த எல்லையை வரைவது பெட்டிக்குள் இருக்கும் ஏற்பியின் இரைச்சல். பிற்பகலில் அந்த இரைச்சல் அப்படியேதான் இருந்தது. ஒளி அதன் மட்டத்துக்கு இறங்கி வந்துவிட்டது.

கரும்பலகை | ஞாயிறு, மாலை 5.00

நீங்கள் எல்லோரும் எழுதியதை அச்செடுத்து வகுப்புக்குக் கொண்டுபோனேன். 25 நிமிடத்துக்கு ஒரு ஃபோட்டான் என்றதும் வகுப்பே அமைதியாகிவிட்டது. இழைத்தையல் ஐயாவின் பெட்டியைப் பலகையில் வரைந்து காட்டினேன். அந்தப் பாடத்தை இனி யாரும் மறக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தோம். எங்களிடம் கிகா ஹெர்ட்ஸ் கருவிகள் கிடையாது. ஃபோட்டோடயோடுக்குக் கறுப்பு மூடி போட்டு, 10 கிலோ ஓம் சுமை வைத்து, 20 கிலோ ஹெர்ட்ஸ் வடிகட்டியோடு ஆயிரம் மடங்கு பெருக்கினோம். ஒரு துளி ஒளி இல்லை. ஆனால் ஆசிலாஸ்கோப்பில் கோடு புல்தரைபோல் தடித்து நின்றது. அளந்தால் 2.1 மில்லி வோல்ட். கணக்குப்படி 1.8 வர வேண்டும்; மீதி எங்கள் பெருக்கியின் சொந்த இரைச்சல் என்று கண்டுகொண்டோம். மின்தடையை 100 கிலோ ஓமாக மாற்றினோம். 5.9 மில்லி வோல்ட் ஆகிவிட்டது.

கேள்வி கேட்ட அதே மாணவி, “பெரிய மின்தடை இரைச்சலைக் குறைக்கும் என்றீர்களே மேடம், கூடிவிட்டதே?” என்றாள். மூடியைக் கழற்றி மங்கலான எல்ஈடி விளக்கைக் காட்டச் சொன்னேன். சிக்னல் பத்து மடங்கு ஏறியிருந்தது, இரைச்சல் மூன்று மடங்குகூட ஏறவில்லை. அவளே பலகைக்குப் போய் மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்து, இரைச்சல் மின்னோட்டம் குறைந்திருப்பதை எழுதிக் காட்டினாள்.

பிறகு மின்தடையைக் குளிர்விக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். அரை டெசிபல்கூட வராது என்று பைக்கோஆம்பியர் எழுதியதைச் சொன்னேன், கேட்கவில்லை. கேன்டீனிலிருந்து ஐஸ் வாங்கிவந்து, மின்தடையை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அதன் நடுவில் புதைத்தார்கள். கடைசி இலக்கம் நடுங்கிக்கொண்டே இருந்தது. இருபது முறை குறித்துச் சராசரி எடுத்தோம். 5.6.